எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார்

முன்னுரை

மக்கள் கூடி வாழும் இடத்தில் சட்டம் வேண்டும். சட்டம் உள்ள இடத்தில் அதற்குக் கட்டுப்படுவோரும் உண்டு. அங்ஙனம் கட்டுப்படுவோர்க்கு அச்சட்டத்தை ஆக்குவதில் பங்கு உண்டா என்பதே ஓர் ஆட்சியின் தன்மையை அளந்தறிதற்குரிய வினாவாகும். முடியாட்சியில் அப்பங்கு ஒருவர்க்கோ ஒருசிலர்க்கோ உரியது; குடியாட்சியில் அஃது எல்லார்க்கும் உரியது. ஆயினும் ‘எல்லார்’ என்னும் சொல்லின் எல்லை காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஒரு காலத்தில் நிலமுடையோரே எல்லார் எனப்பட்டனர். பின்னர் வீடும் வாடகையும் உடைய ஆடவரும் அச்சொல்லுள் அடங்கினர். பெண்டிரும், இளையோரும், சிறைப்பட்டோரும் நெடுங்காலம் அதன் புறத்தே நின்றனர். அந்த எல்லையை விரிக்கும் பொருட்டுத் தம் உடல்நலத்தையும், செல்வத்தையும், குடும்ப இன்பத்தையும் இழந்தவர் பலர். அவர்களுள் ஒருவரே எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் உள்ளது மாஞ்செஸ்டர் என்னும் மாநகரம். அது பஞ்சாலைகளுக்கும், தொழிலாளர் கிளர்ச்சிகளுக்கும் பெயர் பெற்றது. அந்நகரில் 1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எம்மலின் பிறந்தார். தந்தையார் ராபர்ட் கூல்டன் என்பவர். துணிகளில் அச்சிடும் தொழிலில் பொருளீட்டியவர். தாயார் சோபியா, மான் தீவைச் சேர்ந்தவர். அச்சிறு தீவு சொத்துடைய பெண்டிர்க்கு 1881ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை வழங்கிப் பெரிய நாடுகளுக்கு வழிகாட்டியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பெற்றோர் இருவரும் அடிமை வாணிகத்தை வெறுத்தவர்கள். அமெரிக்க நாட்டில் விடுதலை பெற்ற நீக்ரோ மக்களின் துயர் துடைக்கப் பொருள் திரட்டும் பணியில் எம்மலின் தம் சிறு வயதிலேயே ஈடுபட்டார். தாயார் கூறிய அடிமைகளின் கதைகள் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. ஆயினும் அடிமைக்கு இரங்கிய அந்த வீட்டிலும் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி இருந்தது. புதல்வர்களின் கல்வியைப் பற்றிப் பெற்றோர் பலகாலும் ஆராய்வர். புதல்வியின் கல்வியைப் பற்றி அத்துணைக் கவலை கொள்வதில்லை. ஒருநாள் இரவு, மகள் உறங்கிவிட்டாள் என்று எண்ணிய தந்தையார், இவள் ஆணாய்ப் பிறவாது போயினளே என்று வருந்தி மொழிந்தார். எம்மலின் உறங்கவில்லை. தந்தையின் சொல் அவர் செவியில் விழுந்தது. தாம் பெண்ணாய்ப் பிறந்ததற்காக அவர் வருந்தவில்லை. ஆனால் அறிவுடைய தந்தையும் அவ்வாறு எண்ணுவதற்கு உலகில் ஏதோ ஒரு குறை இருத்தல் வேண்டும் என்று மட்டும் உணர்ந்தார்.

பதினான்காம் வயதில், பள்ளியிலிருந்து திரும்பிய எம்மலின், பெண்டிர் வாக்குரிமை பற்றிய கூட்டத்திற்குப் புறப்பட்ட தாயாருடன் தாமும் சென்றார். அங்கே லிடியா பெக்கர் என்னும் அம்மையார் பேசினார். புத்தகப் பையோடு சென்ற சிறுமி, வாக்குரிமைக் கொள்கையில் உறுதி பூண்டவராய் வீடு திரும்பினார். பின்னர்ப் பாரிசு நகரில் சில ஆண்டுகள் கல்வி பயின்றார்.

இல்லறமும் பொதுப்பணியும்

1879ஆம் ஆண்டு ரிச்சர்டு பாங்கர்ஸ்ட் என்னும் வழக்கறிஞரை எம்மலின் மணந்தார். கணவர் அவரினும் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டு மூத்தவர். ஏழை எளியவர்க்காக வாதாடிப் பொருளை இழந்தவர். பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்க 1870ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட முதல் மசோதாவை எழுதியவர் அவரே. மணமான பெண்டிர் தம் பெயரில் சொத்து வைத்திருக்க வகை செய்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் அவர் பெரிதும் உழைத்தார். கருத்தால் ஒன்றிய அவ்விருவர்க்கும் கிறிஸ்டபெல், சில்வியா, அடேலா என்னும் பெண்மக்கள் மூவரும், ஆண்மக்கள் இருவரும் பிறந்தனர். ஆண்மக்களுள் மூத்தவன் இளம்பருவத்திலேயே இறந்தான்.

1894ஆம் ஆண்டு, மாஞ்செஸ்டரை அடுத்த சார்ல்ட்டன் பகுதியில், வறியோர் நலம் காக்கும் குழுவிற்கு அம்மையார் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் உழைக்க வழியற்ற ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் வறியோர் விடுதிகள் அந்நாடெங்கும் இருந்தன. அம்மையார் அவ்விடுதிக்குட் சென்று கண்டவை அவரை நடுங்கச் செய்தன. ஏழெட்டு வயதுச் சிறுமியர் குளிர்ந்த கற்றளத்தை முழந்தாளிட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தனர். பனிக்காலத்திலும் அவர்கள் மெல்லிய ஆடையே அணிந்திருந்தனர். கருவுற்ற பெண்டிர் பேறுகாலம் நெருங்கும்வரை கடும்பணி செய்தனர். அவர் முயற்சியால் உணவும் உடையும் ஓரளவு திருந்தின. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் சட்டம் என்னும் சுவரில் மோதி நின்றது. ஏழைப் பெண்ணின் துயர் சட்டத்தால் விளைந்தது. அச்சட்டத்தை மாற்றும் அதிகாரம் வாக்குடையோர் கையில் இருந்தது. அப்பெண்ணுக்கோ வாக்கு இல்லை. வாக்குரிமை கற்றோர் பேசும் கொள்கை மட்டும் அன்று, ஏழையின் உணவும் உடையும் அதனைச் சார்ந்தவை என்று அம்மையார் அங்கேதான் கண்டுணர்ந்தார்.

1898ஆம் ஆண்டு கணவர் காலமானார். கடனும் குடும்பச் சுமையும் அம்மையார் தோளில் விழுந்தன. அவர் பிறப்பு இறப்புப் பதிவாளர் வேலையை ஏற்றார். குழந்தையின் பிறப்பைப் பதிய வந்தவருள், தாமே குழந்தையராய் இருந்த பதின்மூன்று வயதுச் சிறுமியரும் உண்டு. அவர்கள்பால் குற்றம் இழைத்தவர்களைச் சட்டம் எளிதில் தொடவில்லை. நாள்தோறும் இத்தகைய வரலாறுகளைக் கேட்ட அம்மையாரின் உறுதி மேலும் வலுத்தது.

சங்கத்தின் தோற்றம்

பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டும் என்னும் கோரிக்கை அதற்கு முன்பே எழுந்தது. 1866ஆம் ஆண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞர் அதற்கான விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்தில் அளித்தார். பின்னர் மில்லிசென்ட் பாசெட் அம்மையாரின் தலைமையில் இயங்கிய சங்கங்கள், விண்ணப்பங்களாலும் கூட்டங்களாலும் அமைதி வழியில் அயராது உழைத்தன. நியூசிலாந்து 1893ஆம் ஆண்டிலேயே பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கிற்று. ஆயினும் பாராளுமன்றங்களின் தாய் எனப் போற்றப்பட்ட இங்கிலாந்துப் பாராளுமன்றம் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டும் கேளாதது போல் இருந்தது.

இந்நிலையில் ஒரு நிகழ்ச்சி அம்மையாரின் பொறுமையைக் குலைத்தது. அவர் கணவரின் நினைவாகத் தொழிற்கட்சியினர் ஒரு மண்டபம் எழுப்பினர். அம்மண்டபத்தில் கூடும் கிளையில் பெண்டிர் உறுப்பினராதல் கூடாது என்று விதித்திருந்தனர். பெண்ணுரிமைக்காக வாழ்ந்தவர் பெயரால் அமைந்த மண்டபத்திலேயே பெண்டிர்க்கு இடமில்லை! 1903ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், நெல்சன் தெருவில் இருந்த தம் இல்லத்தில் ஒருசில பெண்டிரைக் கூட்டி, பெண்டிர் சமூக அரசியல் சங்கம் என்னும் அமைப்பை அம்மையார் நிறுவினார். பேச்சினும் செயலே வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கையாயிற்று.

1905ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், லிபரல் கட்சியினர் மாஞ்செஸ்டரில் நடத்திய பெருங்கூட்டத்தில், அம்மையாரின் மகள் கிறிஸ்டபெலும், ஆலைத் தொழிலாளியாகிய ஆனி கென்னியும் எழுந்து நின்றனர். உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்குமா என்று வினவினர். விடை கிடைக்கவில்லை. இருவரும் வெளியே இழுத்துச் செல்லப்பட்டுக் கைதாயினர். தண்டத் தொகையைச் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தனர். நாற்பதாண்டு விண்ணப்பங்களைப் பொருட்படுத்தாத செய்தித்தாள்கள், இவ்விரு பெண்டிரின் சிறைவாழ்க்கையை நாடெங்கும் பரப்பின.

சிறையில் கண்டவை

1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அம்மையார் முதன்முறையாகச் சிறைப்பட்டார். பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் கொண்டு சென்றதே அவர் செய்த குற்றம். இலண்டனில் உள்ள ஹாலோவே சிறையில், அரசியல் கைதியாக அன்றி, இழிந்த குற்றவாளியாக அவர் அடைக்கப்பட்டார். அம்புக்குறி பொறித்த சிறையுடையை அணிந்தார். பிற கைதிகளோடு பேசுதல் கூடாது என்பது விதி.

அச்சிறையின் மருத்துவப் பகுதியில் இருந்தபோது, ஓரிரவு அடுத்த அறையிலிருந்து முனகல் ஒலி எழுந்தது. ஒரு பெண் அங்கே மகப்பேற்றுத் துன்பத்தில் துடித்துக்கொண்டிருந்தாள். அப்பெண் தண்டனை பெற்றவளும் அல்லள். விசாரணையை எதிர்நோக்கி அடைக்கப்பட்டவள். அவள்மீது சாட்டப்பட்ட குற்றம் பொய் என்பது பின்னர்த் தெரியவந்தது. இதனை அம்மையார் 1914ஆம் ஆண்டு வெளிவந்த தம் வரலாற்றில் மறவாமற் குறித்துள்ளார். சிறைக்குள் இருப்போர் அனைவரும் கொடியர் என்று வெளியே இருப்போர் எண்ணுகின்றனர். உள்ளே சென்று பார்த்தவர்க்கே அங்கும் வறியோரும், ஆதரவற்றோரும், குற்றமற்றோரும் உளர் என்பது விளங்கும். வறியோர் விடுதியில் அம்மையார் கற்ற பாடத்தைச் சிறைச்சாலை இன்னும் அழுத்தமாகக் கற்பித்தது.

அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள் இலண்டன் ஹைடு பூங்காவில் மாபெரும் கூட்டம் நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தனிப் புகைவண்டிகளில் பெண்டிர் வந்து குழுமினர். அங்குக் கூடியோர் இரண்டரை இலட்சத்துக்குக் குறையார் என அந்நாளைய இதழ்கள் கணித்தன. அரசு அசையவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், பாராளுமன்றத்திற்குத் திரண்டு வருமாறு மக்களை அழைத்த குற்றத்திற்காக அம்மையார் மீண்டும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். சட்டத்தை மீறும் விருப்பத்தால் தாம் அங்கு வரவில்லை என்றும், சட்டம் ஆக்குவதில் பங்கு பெறும் விருப்பமே தம்மை அங்குக் கொணர்ந்தது என்றும் அவர் நடுவர்முன் எடுத்துரைத்தார். மூன்று திங்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உண்ணாநோன்பும் கொடுஞ்சட்டமும்

1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிறைப்பட்ட மேரியன் வாலஸ் டன்லப் என்னும் பெண்மணி, தம்மை அரசியல் கைதியாக நடத்துமாறு கேட்டு உண்ண மறுத்தார். பிறரும் அவரைப் பின்பற்றினர். அரசு, குழாய் வழியே வலிந்து உணவூட்டும் கொடுமையை மேற்கொண்டது. பலர் உடல்நலம் கெட்டுச் சிறையினின்று மீண்டனர். அம்மையாரும் உண்ணாநோன்பு இருந்தார். அவருக்கு உணவூட்டவந்த மருத்துவர்களை, மண்குடம் ஒன்றைக் கையில் ஏந்தி அவர் எதிர்த்து நின்றார். அவர்கள் திரும்பிச் சென்றனர்.

1910ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், பாராளுமன்றத்தை நோக்கிச் சென்ற பெண்டிரைக் காவலர் பல மணி நேரம் அடித்தும் தள்ளியும் துன்புறுத்தினர். அவ்வாண்டின் இறுதியில் அம்மையாரின் உடன்பிறந்தாள் மேரி கிளார்க், சிறையினின்று மீண்ட இரண்டாம் நாளே உயிர் நீத்தார். அவ்வாண்டு தொடக்கத்தில்தான் அம்மையார் தம் எஞ்சிய ஒரு மகனையும் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார்.

இதன்பின் சங்கத்தாரின் செயல் கடுமையாயிற்று. 1912ஆம் ஆண்டில் இலண்டன் கடைவீதிகளின் கண்ணாடிகளை உடைத்தனர். பின்னர் ஆளற்ற கட்டடங்களுக்குத் தீயிட்டனர். 1913ஆம் ஆண்டு, அமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வீடு ஒன்று வெடியால் சேதமுற்றது. அதற்குத் தாமே பொறுப்பு என்று அம்மையார் ஏற்றார். மூன்றாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

இச்செயல்களை நாம் போற்றுதற்கில்லை. பாசெட் அம்மையார் அவற்றை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்நாளில் தென்னாப்பிரிக்காவில் அறப்போர் நடத்திவந்த காந்தியடிகள், 1906ஆம் ஆண்டில் இப்பெண்டிரின் துணிவையும் சிறை ஏகும் உறுதியையும் தம் இதழில் பாராட்டி எழுதினார். ஆனால் 1909ஆம் ஆண்டு இலண்டன் சென்றபோது, அவர்கள் வன்முறையை நாடுவது கண்டு அதனை ஏற்க மறுத்தார். குறிக்கோள் நேரியது ஆயினும் வழி கோணினால், கேட்போர் உள்ளம் குறிக்கோளை விட்டுக் கோணலையே நோக்கும். இது பொதுப்பணி செய்வோர் மறத்தலாகாத உண்மை. அதேபொழுது, அமைதியாகக் கேட்டபோது செவி சாய்க்காத ஆட்சியாளரும் அக்கோணலுக்குப் பொறுப்பாவர் என்பதையும் மறைத்தலாகாது.

உண்ணாநோன்பினரைச் சிறையில் சாகவிடவும் அரசு அஞ்சியது. விடுதலை செய்யவும் விரும்பவில்லை. ஆகவே 1913ஆம் ஆண்டு ஒரு புதுச் சட்டம் இயற்றியது. நோன்பினால் நலிந்தவரை வெளியே விடுவது, உடல் தேறியதும் மீண்டும் பிடித்து அடைப்பது என்பதே அச்சட்டத்தின் போக்கு. மக்கள் அதனைப் பூனை எலிச் சட்டம் என்று எள்ளினர். ஐம்பத்தைந்து வயதை எட்டிய அம்மையாரை அரசு பலமுறை பிடித்தும் விட்டும் அலைக்கழித்தது. ஒவ்வொரு முறையும் அவர் நடக்கவும் ஆற்றாதவராய்த் தூக்குக் கட்டிலில் வெளியே கொணரப்பட்டார். 1914ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், மன்னரிடம் விண்ணப்பம் அளிக்க அரண்மனை வாயிலுக்குச் சென்ற அவரை, காவல் அதிகாரி ஒருவர் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிச் சென்றார். அந்நிழற்படம் உலகெங்கும் பரவியது.

முப்பதும் இருபத்தொன்றும்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. வாக்குரிமைக்காகச் சிறைப்பட்டோர் அனைவரையும் அரசு விடுவித்தது. அம்மையார் போராட்டத்தை நிறுத்தி, அரசின் போர் முயற்சிக்குத் துணை நின்றார். மகள் சில்வியா போரை எதிர்த்தார். சில்வியா இலண்டனின் கீழ்ப்பகுதி ஏழைத் தொழிலாளப் பெண்டிரிடையே பணியாற்றியவர். ஆடவர்க்குரிய சொத்துத் தகுதியின்படியே பெண்டிர்க்கும் வாக்குரிமை கேட்டால் ஏழைப் பெண்டிர்க்குப் பயனில்லை, வயது வந்தோர் அனைவர்க்கும் அது வேண்டும் என்பது அவர் கொள்கை. தாயும் மகளும் பிரிந்தனர். அப்பிரிவு இறுதிவரை ஆறவில்லை.

போர்க்காலத்தில் ஆடவர் களம் புகுந்தபோது பெண்டிர் தொழிற்சாலைகளிலும், வண்டிகளிலும், வயல்களிலும் அவர் பணியை ஏற்றுச் செய்தனர். இனி மறுத்தற்கு வழியில்லாமற் போயிற்று. 1918ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறியது. 21 வயது நிரம்பிய ஆடவர் அனைவரும் அதனால் வாக்குரிமை பெற்றனர். போர்ப்பணி புரிந்த ஆடவர்க்கு 19 வயதிலேயே அவ்வுரிமை கிட்டியது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தக்க வயதினன், நாட்டை ஆள்வோரைத் தேர்தற்கும் தக்கவனே என்னும் நியாயம் அதில் அமைந்திருந்தது. பெண்டிர்க்கோ, 30 வயது நிரம்பி, தாமோ தம் கணவரோ சிறு சொத்துத் தகுதியேனும் பெற்றிருந்தாலன்றி வாக்கு இல்லை. ஆயினும் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்டிர் அன்று வாக்காளர் ஆயினர்.

முப்பது என்னும் எல்லையை ஏன் வகுத்தனர்? போரில் ஆடவர் பலர் மடிந்தமையால், அனைத்துப் பெண்டிர்க்கும் வாக்களித்தால் வாக்காளருள் பெண்டிரே மிகுவர் என்னும் அச்சமே தலைமைக் காரணம். இளம்பெண்டிர்க்கு அரசியல் அறிவு போதாது என்றும் சிலர் கூறினர். அவ்வாண்டு நவம்பரில் இயற்றிய மற்றொரு சட்டம், 21 வயதுப் பெண்டிர் பாராளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படலாம் என்றது. ஆகவே தேர்தலில் நின்று வெல்லத்தக்க இளம்பெண், அத்தேர்தலில் வாக்களிக்கத் தகாதவள் ஆயினாள்! போர்க்காலத்தில் வெடிமருந்துச் சாலைகளில் உடல் வருந்த உழைத்த இளம்பெண்டிர் பலர் இவ்வாறு வாயிலின் புறத்தே நிறுத்தப்பட்டனர்.

இக்குறையை நீக்கப் பத்தாண்டுகள் சென்றன. அம்மையார் இதனிடையே கானடா நாட்டில் மக்கள் நலவாழ்வு பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றிப் பின் தாயகம் திரும்பினார். கன்சர்வேடிவ் கட்சியின் வேட்பாளராக நிற்கவும் இசைந்தார். ஆனால் சிறைகளும் நோன்புகளும் அரித்த உடல் தாங்கவில்லை. 1928ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், தம் அறுபத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். பதினெட்டு நாள் கழித்து, ஜூலை 2ஆம் நாள், ஆடவர்க்கு ஒப்ப 21 வயதுப் பெண்டிர்க்கும் வாக்குரிமை அளிக்கும் சட்டத்திற்கு மன்னரின் இசைவு கிட்டியது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பெண்டிர் புதிதாக வாக்காளர் ஆயினர். எதற்காக உழைத்தாரோ அதன் நிறைவைக் காண அவர் உயிரோடு இல்லை.

நினைவும் தொடர்ச்சியும்

1930ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், பாராளுமன்றக் கட்டடத்தை அடுத்த பூங்காவில் அம்மையாரின் சிலையை முன்னாள் தலைமையமைச்சர் பால்டுவின் திறந்து வைத்தார். எந்த மன்றத்தின் வாயிலில் அவர் கைதானாரோ, அதன் அருகிலேயே அவர் இன்றும் நிற்கின்றார்.

அவ்வியக்கத்தின் அலை நம் நாட்டையும் எட்டியது. 1910ஆம் ஆண்டு ஹாலோவே சிறையில் இருந்த அயர்லாந்துப் பெண்மணியாகிய மார்கரெட் கசின்ஸ், பின்னர் இந்தியா வந்தார். 1917ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற அவர் துணை நின்றார். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி தேவியார் தலைமையில் பெண்டிர் குழு ஒன்று, சென்னைக்கு வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை கேட்டது. 1921ஆம் ஆண்டு, மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கியது. விடுதலை பெற்ற இந்தியாவோ ஆண், பெண், செல்வர், வறியர் என்னும் வேற்றுமையின்றி 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் தொடக்கத்திலேயே அவ்வுரிமையை அளித்தது.

இளையோர்க்குரிய எல்லை பின்னும் தளர்ந்தது. இங்கிலாந்து 1969ஆம் ஆண்டிலும், இந்தியா 1989ஆம் ஆண்டிலும் வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைத்தன. ஸ்காட்லாந்தில் 2014ஆம் ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் 16 வயதினரும் வாக்களித்தனர். முப்பது வயதுக்குட்பட்ட பெண்டிர்க்கு அறிவு போதாது என்று ஒரு காலத்தில் கூறியவர்கள், இவற்றைக் காணின் வியப்புறுவர்.

சிறைப்பட்டோர்க்குரிய எல்லையோ அங்ஙனம் தளரவில்லை. இளையோர்க்கு வாயிலைத் திறந்த அதே 1969ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்தில் தண்டனை பெற்றுச் சிறையிலிருப்போர்க்கு அதனை அடைத்தது. அனைத்துக் கைதிகளையும் வேறுபாடின்றி விலக்குவது முறையன்று என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1999ஆம் ஆண்டிலும், கானடாவின் உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலும் கைதிகளின் வாக்குரிமையை நிலைநாட்டின. நம் நாட்டில், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தடுப்புக் காவலில் உள்ளோர் நீங்கலாகச் சிறையில் இருப்போர் வாக்களித்தல் இயலாது. விசாரணையை எதிர்நோக்கி இருப்போரும் இவ்விலக்கினுள் அடங்குவர்.

சட்டத்தை மீறியவன் சட்டம் ஆக்குவோரைத் தேரும் தகுதியை இழக்கின்றான் என்பது ஒரு சாரார் கொள்கை. சிறை அவன் நடமாட்டத்தைக் கட்டலாமேயன்றிக் குடிமகன் என்னும் நிலையைப் பறித்தல் ஆகாது என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவற்றை எடையிட்டுப் பார்ப்பது வருங்கால வாக்காளர்களாகிய உங்கள் கடமை. எடையிடும்போது, குற்றமற்றவளாயினும் சிறையறையில் மகப்பேற்றுத் துன்பம் உற்ற அந்தப் பெண்ணையும் ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள்.

மாணவ மாணவியரே! பதினெட்டு வயது நிரம்பும் நாளில், கேட்காமலே உங்களுக்கு வாக்குரிமை வந்து சேரும். விரலில் மையிட்டுக்கொள்ள ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது சிலர்க்குச் சலிப்பாகத் தோன்றக்கூடும். அவ்வரிசைக்குள் நுழைவதற்காகவே ஆயிரம் பெண்டிர் அளவிற் சிறை புகுந்தனர் என்பதை அப்போது நினைவு கூர்வீராக. வாயிலின் உள்ளே வந்துவிட்டவர், புறத்தே நிற்போர் இன்னும் உளரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரின் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவே.